பிளஸ் ஒன் சேர்க்கை: குரூப்பை மார்க் தேர்ந்தெடுக்க விடாதீர்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் மேல்நிலைப் பள்ளி அலுவலகத்தில் அதிகம் காதில் விழும் பேச்சு இதுதான்: "எடுத்த மார்க்குக்கு எந்த குரூப் கெடைக்குமோ அதைக் குடுத்துடுங்க சார்." சேர்க்கை மேசையில் உட்காரும் முதுகலை ஆசிரியன் நான். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும், வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டும் பிள்ளையின் அப்பாவோ அம்மாவோதான். அடுத்த இரண்டு வருடம் என்ன படிப்பது என்பதோடு அந்தப் பத்து நிமிட முடிவு நின்றுவிடுவதில்லை. பிளஸ் டூவுக்குப் பிறகு எந்தக் கல்லூரிப் படிப்புக்கு விண்ணப்பம் போடலாம், எதற்குப் போடவே முடியாது என்பதும் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. அந்த மேசைக்கு வருவதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

முதல் வேலை: குரூப் என்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டிலும் ஆறு பாடங்கள். தமிழ் (அல்லது வேறு மொழி), ஆங்கிலம் இரண்டும் எல்லாருக்கும் பொது. மீதி நான்கும் விருப்பப் பாடங்கள். பாடத்துக்கு 100 மதிப்பெண், மொத்தம் 600. 1,200 மதிப்பெண் என்று அண்ணனோ மாமாவோ சொன்னால், அது 2017-18க்கு முந்தைய முறை.

நான்கு விருப்பப் பாடங்களையும் தனித்தனியாக நாமே பொறுக்கிக்கொள்ள முடியாது. அரசு வகுத்து வைத்திருக்கும் தொகுப்புகளாகத்தான் அவை வரும். அதைத்தான் குரூப் என்கிறோம். ஒவ்வொரு தொகுப்புக்கும் ஓர் எண் உண்டு. எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். நான்கு பாடங்களின் பெயரையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "பர்ஸ்ட் குரூப்", "செகண்ட் குரூப்" என்று ஊருக்கு ஊர் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். ஒரு பள்ளியில் செகண்ட் குரூப் என்பது பக்கத்துப் பள்ளியில் வேறொன்றாக இருக்கும்.

பொதுவாகக் கிடைப்பவை இவை. இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு உயிரியல் சேர்ந்தால் "பயோ-மேக்ஸ்". அதே மூன்றோடு கணினி அறிவியல் சேர்ந்தால் "கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்". கணிதம் இல்லாமல் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்றால் "பியூர் சயின்ஸ்". வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியலோடு கணினிப் பயன்பாடுகளோ வணிகக் கணிதமோ சேர்வது "காமர்ஸ்". வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் போன்றவை வருவது "ஆர்ட்ஸ் குரூப்". இவை தவிர தொழிற்கல்விப் பிரிவு, அதாவது வொக்கேஷனல்: அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின்பொறியியல், வேளாண் அறிவியல், செவிலியம், நெசவும் ஆடை வடிவமைப்பும், அலுவலக மேலாண்மை என்று பல.

புள்ளியியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், மனையியல், சிறப்புத் தமிழ், அறவியலும் இந்தியப் பண்பாடும் ஆகிய பாடங்களும் பட்டியலில் உண்டு. ஆனால் அவற்றை நடத்தும் பள்ளிகள் குறைவு. பாடம் பட்டியலில் இருப்பது ஒன்று, உங்கள் ஊர்ப் பள்ளியில் அதற்கு ஆசிரியர் இருப்பது வேறொன்று.

மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். செய்முறை உள்ள பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாதவற்றுக்கு எழுத்து 90, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு 35. செய்முறைப் பாடங்களில் எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும். செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து முப்பது கிடைத்துவிட்டது என்று அசட்டையாக இருக்க முடியாது.

இரண்டாவது வேலை: எந்த வழி அடைபடும் என்று பாருங்கள்

"இந்த குரூப் எடுத்தா என்ன ஆகலாம்?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். பள்ளி விளம்பரங்களும் அதற்கே பதில் சொல்கின்றன. நான் பெற்றோரிடம் வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்வேன்: இந்த குரூப் எடுத்தால் எதற்கெல்லாம் விண்ணப்பிக்க முடியாது? இந்தக் கேள்விக்கான பதில் சுருக்கமானது, உறுதியானது.

கணிதம் இல்லையென்றால் பி.இ., பி.டெக். படிப்புக்கான பொதுக் கலந்தாய்வுக்குப் போக முடியாது. டி.என்.இ.ஏ. எனப்படும் அந்தக் கலந்தாய்வின் கட்-ஆஃப், அதாவது தரவரிசை மதிப்பெண், 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்தின் 100 முழுவதும், இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. பியூர் சயின்ஸ் படித்த பிள்ளைக்கு அந்தக் கணக்கே கிடையாது. வணிகக் கணிதத்தை இங்கே கணிதமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கட்டடக்கலை, கப்பல் பொறியியல், விமானி பயிற்சி, தேசியப் பாதுகாப்பு அகாடமியின் கடற்படை, விமானப்படைப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் கணிதமும் இயற்பியலும் வேண்டும். கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியல், கணினி அறிவியல் போன்றவற்றுக்கும் பெரும்பாலும் கணிதம் கேட்பார்கள்.

உயிரியல் இல்லையென்றால் எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி எல்லாம் கைவிட்டுப் போகும். நீட் தேர்வு எம்.பி.பி.எஸ்ஸுக்கும் பல் மருத்துவத்துக்கும் சித்தா, ஆயுர்வேதத்துக்கும் வேண்டும். நர்சிங், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கிறார்கள். "நீட் எழுத மாட்டா சார், அப்புறம் எதுக்கு பயாலஜி?" என்று கேட்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. நீட் இல்லாமலும் உயிரியலை வைத்துச் சேரக்கூடிய படிப்புகள் இருக்கின்றன.

ஒரு விதிவிலக்கும் உண்டு. பி.ஃபார்ம். படிப்புக்கு இயற்பியல், வேதியியலோடு கணிதமோ உயிரியலோ ஏதாவது ஒன்று இருந்தால் போதும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டோம், மருந்துத் துறைப் பக்கமே போக முடியாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இயற்பியலும் வேதியியலும் இல்லாத குரூப்புகளில் மேலே சொன்ன இரண்டு வழிகளுமே கிடையாது. அதற்காக அவை தாழ்ந்தவை ஆகிவிடாது. சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பாக இருந்தாலும் சரி. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண், திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு. சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்பின் முதல் கட்டமான பவுண்டேஷனுக்கு பிளஸ் டூ முடித்த எவரும் பதிவு செய்யலாம். நிஃப்ட், தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.) போன்றவற்றின் வடிவமைப்புப் படிப்புகளும், 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியும் குரூப் பார்ப்பதில்லை. ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் ஐ.ஏ.எஸ். தேர்வு எழுதலாம், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுதலாம். அந்தத் தேர்வுகளின் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பாருங்கள்: வரலாறு, புவியியல், அரசமைப்பு, பொருளாதாரம். ஆர்ட்ஸ் குரூப் பிள்ளை பிளஸ் ஒன்னிலேயே படிக்கத் தொடங்குவது அதைத்தான். ஐ.ஐ.டி. மெட்ராஸின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புக்கும் பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், பிளஸ் டூவில் எந்த குரூப்பாகவும் இருக்கலாம்.

"450க்கு மேல பயோ-மேக்ஸ், 400க்கு மேல கம்ப்யூட்டர், அதுக்குக் கீழ காமர்ஸ், பார்டர்ல பாஸானா வொக்கேஷனல்" என்று பல பள்ளிகளில் எழுதாத சட்டம் ஒன்று ஓடுகிறது. இது பிள்ளைகளுக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். 460 எடுத்த பெண் கணக்குப்பதிவியல் கேட்டால் "இவ்ளோ மார்க்க வெச்சுக்கிட்டா?" என்கிறார்கள். 320 எடுத்தாலும் மோட்டாரைக் கழற்றி மாட்டத் தெரிந்த பையனுக்கு, எது காலியாக இருக்கிறதோ அந்த வொக்கேஷனலைக் கொடுக்கிறார்கள், மின்பொறியியல் பிரிவு பக்கத்துப் பள்ளியில் இருக்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை.

தொழிற்கல்விப் பிரிவைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் ஒரு நல்ல செய்தியும். செவிலியப் பிரிவில் சேர்ந்தால் நேரே பி.எஸ்சி. நர்சிங் போய்விடலாம் என்று நம்பிச் சேர்க்கிறார்கள். அந்தப் பட்டப்படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல்தான் கேட்கிறார்கள். பிள்ளையின் ஆசை நர்ஸ் ஆவது என்றால் பியூர் சயின்ஸ்தான் நேர்வழி. நல்ல செய்தி: பொறியியல் கலந்தாய்விலும் வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. தன் பிரிவில் நன்றாகப் படித்த பிள்ளைக்கு அது உண்மையான வழி.

மூன்றாவது வேலை: நான்காவது பாடத்தை நிதானமாகப் பாருங்கள்

இயற்பியல், வேதியியல், கணிதம் என்று மூன்று முடிவாகிவிட்டால், நான்காவதாக உயிரியலா கணினி அறிவியலா என்பதில்தான் வீடுகளில் சண்டையே நடக்கிறது. இங்கே ஒரு தவறான நம்பிக்கையை முதலில் விலக்க வேண்டும். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. பயோ-மேக்ஸ் படித்தவர்களும் பி.இ. கணினி அறிவியலில் சமமாகச் சேர்கிறார்கள். கட்-ஆஃபில் கணினி அறிவியல் மதிப்பெண்ணைச் சேர்ப்பதே இல்லை. கணினியில் 98 எடுத்து கணிதத்தில் 60, இயற்பியல், வேதியியலில் ஆளுக்கு 70 எடுத்த பிள்ளையின் கட்-ஆஃப் 130தான்.

அப்படியானால் எல்லாரும் பயோ-மேக்ஸ் எடுத்துவிடலாமே, இரண்டு வழியும் திறந்திருக்குமே என்று தோன்றும். திறந்திருக்கும், ஆனால் சுமை அதிகம். உயிரியல் என்ற ஒரு தேர்வுக்குள் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வை இரண்டும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். மருத்துவம் சார்ந்த எதிலும் ஆர்வமே இல்லாத பிள்ளை அந்த இரண்டு புத்தகத்துக்கும் செலவழிக்கும் மாலை நேரம் கணிதத்திலிருந்துதான் கழியும். பிள்ளைக்கு உயிரியல் பிடிக்கும், அல்லது முடிவு செய்ய இன்னும் அவகாசம் வேண்டும் என்றால் பயோ-மேக்ஸ். மருத்துவப் பக்கம் நிச்சயமாக இல்லை என்றால் கணினி அறிவியல். பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் என்று நிரல் எழுதுவதையும் கற்றுத் தருகிற பாடம் அது.

காமர்ஸிலும் இதே கதைதான், ஆனால் யாரும் பேசுவதில்லை. வணிகக் கணிதமா, கணினிப் பயன்பாடுகளா? கணக்கு வராது என்று சொல்லியே காமர்ஸுக்கு வருபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கணினிப் பயன்பாடுகளை எடுக்கிறார்கள். சி.ஏ. பவுண்டேஷனின் நான்கு தாள்களில் ஒன்று முழுக்கக் கணிதமும் புள்ளியியலும் தர்க்கமும். பி.சி.ஏ. போன்ற படிப்புகளுக்கு வணிகக் கணிதம் இருந்தால் நல்லது என்று பல கல்லூரிகள் பார்க்கின்றன. சி.ஏ. கனவு இருந்தால் வணிகக் கணிதம் உள்ள காமர்ஸ் குரூப் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று தேடிப் போய்ச் சேர்வது வீண் அலைச்சல் இல்லை.

கலை அறிவியல் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு நான்காவது பாடத்தின் மதிப்பு இன்னும் கூடுதல். அரசுக் கலைக் கல்லூரிகளில் தரவரிசைக்கு நான்கு விருப்பப் பாடங்களின் கூட்டுத்தொகையை, அதாவது 400க்கு எவ்வளவு என்பதைத்தான், பார்க்கிறார்கள். பி.ஏ. தமிழ், பி.ஏ. ஆங்கிலத்துக்கு அந்தந்த மொழிப்பாட மதிப்பெண்.

நான்காவது வேலை: புத்தகத்தைக் கையில் எடுத்துக் கொடுங்கள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து ரிசல்ட் வரும் வரை பல வாரங்கள் கிடைக்கின்றன. அந்த நாட்களில் பக்கத்து வீட்டு அக்கா, அண்ணனிடமிருந்து பிளஸ் ஒன் புத்தகங்களை வாங்கி வாருங்கள். கிடைக்காவிட்டால் பள்ளிக்கல்வித் துறையின் இணையதளத்தில் எல்லாப் பாடநூல்களும் இலவசமாக இருக்கின்றன, கைப்பேசியிலேயே இறக்கிக்கொள்ளலாம். நினைத்திருக்கும் குரூப்பின் நான்கு புத்தகங்களிலும் முதல் பாடத்தைப் பிள்ளை தானே படிக்கட்டும். புரிந்ததா என்று பரீட்சை வைக்காதீர்கள். எந்தப் புத்தகத்தை மறுபடி கையில் எடுத்தது, எதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டது என்பதைக் கவனித்தால் போதும்.

கணக்குப்பதிவியல் புத்தகத்தில் குறிப்பேடு, பேரேடு பகுதிக்கு வந்ததும் சில பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கடையின் கணக்கை அதே மாதிரி எழுதிப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு வேறு ஆலோசனையே தேவையில்லை. பொருளியல் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் தமிழ்நாட்டுப் பொருளாதாரம் பற்றிய பாடம் ஒன்று உண்டு. செய்தித்தாள் படிக்கும் பிள்ளை அதில் ஒட்டிக்கொள்ளும்.

இயற்பியலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிள்ளைகள் உடைந்துபோவது இங்கேதான். பிளஸ் ஒன் இயற்பியலின் இரண்டாவது அலகு இயக்கவியல். அதிலேயே வெக்டர் வந்துவிடும், வகையீடு வந்துவிடும், தொகையீடும் வந்துவிடும். ஆனால் கணிதப் புத்தகத்தில் வெக்டர் இயற்கணிதமும் வகை, தொகை நுண்கணிதமும் இரண்டாம் தொகுதியில்தான் இருக்கின்றன. அதாவது கணித ஆசிரியர் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குப் பல மாதம் முன்பே இயற்பியலில் அதைப் பயன்படுத்த வேண்டும். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 95 வாங்கிய பிள்ளைகூட dx, dt என்று பலகையில் பார்த்ததும் "எனக்கு மூளை இல்ல போல" என்று நினைத்துக்கொள்கிறது. பிள்ளையிடம் குறை எதுவும் இல்லை, பாடங்களின் வரிசை அப்படி அமைந்திருக்கிறது. கோடை விடுமுறையில் ஒரு சில நாள் உட்கார்ந்து, வெக்டர் என்றால் என்ன, வகையீடு என்றால் மாறும் வேகத்தைக் கண்டுபிடிப்பது என்பது வரை தெரிந்துகொண்டு வந்தால் முதல் பருவம் முழுக்க நிம்மதி. அறிவியல் குரூப் எடுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் நான் இதைச் சொல்லி அனுப்புகிறேன்.

ஐந்தாவது வேலை: பள்ளி மாறுவதற்கு முன், பயிற்று மொழி மாறுவதற்கு முன்

நல்ல மார்க் வந்ததும் தனியார் பள்ளியிலிருந்து அழைப்பு வரும். கட்டணச் சலுகைகூடத் தருவார்கள். போவதும் போகாததும் உங்கள் விருப்பம். ஆனால் எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு பிளஸ் ஒன்னில் வெளியே போனால் இந்த ஒதுக்கீடு போய்விடும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழியிலோ தொடர்ந்து படித்தவர்களுக்கே. இதைச் சொன்னதும் டி.சி. வாங்க வந்த பெற்றோர் யோசித்துத் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தகவல் அதுவரை யாரும் அவர்களிடம் சொல்லாமல் விட்டதுதான் வருத்தம்.

தமிழ்வழியில் படித்த பிள்ளையை ஆங்கில வழிக்கு மாற்றுவதும் இப்படித்தான். தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டம் மட்டும் தமிழ்வழி என்றால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். அரசு வேலையை நோக்கிப் போகிற வீட்டில், "காலேஜ்ல இங்கிலீஷ்தானே, இப்பவே மாத்திடலாம்" என்று முடிவெடுப்பதற்கு முன் இதை யோசியுங்கள். பொறியியல், மருத்துவம் என்று உறுதியாகப் போகும் பிள்ளைக்கு மாறுவதில் நியாயம் இருக்கிறது. அப்படி மாறினால், பத்தாம் வகுப்பு அறிவியலின் ஆங்கிலச் சொற்களைக் கோடையிலேயே பழகிக்கொண்டு வர வேண்டும்.

ஆறாவது வேலை: பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்

ரிசல்ட்டுக்கு முன்பே ஒரு நாள் போய்விடுங்கள். அலுவலகத்தில் கூட்டம் இருக்காது, ஆசிரியர்கள் நின்று பேசுவார்கள். எந்தெந்த குரூப், தமிழ்வழியா ஆங்கிலவழியா, ஒவ்வொன்றிலும் எத்தனை இடம் என்று கேளுங்கள். பிறகு முக்கியமான கேள்வி: நான்கு பாடத்துக்கும் நிரந்தர முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா, இல்லை தற்காலிக ஏற்பாடா? பிள்ளை விரும்பும் பாடத்துக்கே ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளி மேல். ஆய்வகத்தையும் பார்க்கக் கேளுங்கள். மேசை மேல் தூசி படிந்திருக்கிறதா, அமில நெடி அடிக்கிறதா என்பதிலேயே செய்முறை வகுப்பு நடக்கிறதா என்று தெரிந்துவிடும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் சேர்க்கைக்கு இனச்சுழற்சி இடஒதுக்கீடு, அதாவது சாதிப் பிரிவு வாரியான ஒதுக்கீடு, உண்டு. இடம் இல்லை என்று சொன்னால் எந்தப் பிரிவில், எந்த குரூப்பில் நிரம்பிவிட்டது என்று மரியாதையாகக் கேட்கலாம், அது உங்கள் உரிமை.

சேர்க்கை நாளில் மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படங்கள் எல்லாவற்றிலும் இரண்டு நகல் கொண்டுவாருங்கள். அசல் டி.சி.யைக் கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரின் முன்னெழுத்து எல்லாச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள்.

பிள்ளையையும் கூட்டி வாருங்கள். ஒரு தடவை ஒரு அப்பா மகளோடு வந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டார். "பக்கத்து வீட்டுத் தம்பி ஐ.டி.ல இருக்கான் சார், கை நெறைய சம்பளம்." நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்றேன். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தண்ணீர் குடிக்க வெளியே போன சமயத்தில் மெல்லச் சொன்னாள்: "பாட்டிய ஆஸ்பத்திரில வெச்சிருந்தப்ப ரெண்டு மாசம் நான்தான் சார் கூட இருந்தேன். நர்ஸ் அக்கா பி.பி. பாக்கக் கத்துக் குடுத்தாங்க." அவர் திரும்பி வந்ததும் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவள் சொன்னதையும், கணினி அறிவியல் எடுத்தால் நர்சிங் கிடையாது என்பதையும், நர்சிங் சேர்க்கைக்கு நீட் வேண்டாம் என்பதையும் அவரிடம் சொன்னேன். அவருக்கு இந்த மூன்றில் எதுவுமே தெரிந்திருக்கவில்லை. வீட்டில் பேசிவிட்டு மறுநாள் வந்து பியூர் சயின்ஸில் சேர்த்துவிட்டுப் போனார்.

சேர்ந்த பிறகு

2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இருந்தது. மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியானதை ஒட்டி, 2025-26 முதல் அது இல்லை, பள்ளி அளவில்தான் தேர்வு. பிள்ளைகளுக்கு மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. ஆனால் "லெவன்த்தை அப்படியே விட்டுட்டு நேரா டுவல்த் நடத்துறோம்" என்று சொல்லும் பள்ளிகள் இருக்கும், அதை நம்பிப் போகாதீர்கள். நீட், ஜே.இ.இ. நுழைவுத் தேர்வுகள் இரண்டிலும் பிளஸ் ஒன் பாடங்களிலிருந்தும் கேள்வி வரும். பிளஸ் டூ கணிதத்தில் தொகை நுண்கணிதத்தின் முதல் பக்கமே பிளஸ் ஒன்னில் படித்தது தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்கும்.

முதல் மாதம் முழுக்கப் பிள்ளையிடம் மதிப்பெண் கேட்காதீர்கள். இன்றைக்கு எந்த வகுப்பு நேரம் போனதே தெரியாமல் போனது, எந்த வகுப்பில் மணி எப்போது அடிக்கும் என்று இருந்தது என்று கேளுங்கள். இயற்பியலில் கஷ்டம் என்றால் மேலே சொன்ன காரணமா என்று முதலில் பாருங்கள், அதற்காக குரூப் மாற்ற வேண்டாம். நான்கு பாடங்களில் இரண்டோ மூன்றோ பிடிக்கவே இல்லை, புத்தகத்தைத் திறக்கவே மனம் இல்லை என்றால் அது வேறு. வகுப்புகள் தொடங்கிய சில வாரங்களுக்குள் தலைமை ஆசிரியரைப் பார்த்துக் கேட்டால், வேறு குரூப்பில் இடம் இருக்கும் பட்சத்தில் மாற்றித் தருவார்கள். பெற்றோர் கையெழுத்தோடு ஒரு கடிதம் போதும். மாணவர் விவரம் இணையத்தில் ஏறி, காலாண்டுத் தேர்வும் முடிந்துவிட்டால் அது மிகக் கடினம். பிளஸ் டூவில் குரூப் மாற்றவே முடியாது. கேட்கத் தயங்கி ஆகஸ்ட், செப்டம்பர் என்று தள்ளிப்போடுவதால்தான் பலருக்கு வழி இல்லாமல் போகிறது.

அந்தக் காலமும் கடந்துவிட்டதா? அப்போதும் வழி இருக்கிறது. கணினி அறிவியல் குரூப் படித்துவிட்டு மருத்துவ ஆசை வந்தவர்கள், பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறி நீட்டுக்குப் போகலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அப்படி ஒரு பாடம் மட்டும் எழுதலாம். பொறியியல் வேண்டும், கணிதம் இல்லை, அல்லது பத்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பே ஒட்டவில்லை என்பவர்களுக்கு பாலிடெக்னிக். பத்தாம் வகுப்பு முடித்து மூன்றாண்டு டிப்ளமோ படித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போய்விட்டவர்கள் உடனடித் துணைத்தேர்வு எழுதித் தேறினால் அதே ஆண்டே பிளஸ் ஒன்னில் சேர்ந்துவிடலாம், ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டியதில்லை.

யாரைக் கேட்பது என்று தெரியவில்லையா? 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்குக் கட்டணமின்றி அழைக்கலாம். குரூப், உயர்கல்வி, உதவித்தொகை எதுவானாலும் கேளுங்கள். அரசுப் பள்ளிகளில் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் உயர்கல்வி வழிகாட்டலுக்கென்று ஓர் ஆசிரியரிடம் பொறுப்பு கொடுத்திருப்பார்கள். பள்ளிக்குள் போய் "கேரியர் கைடன்ஸ் டீச்சர் யாருங்க?" என்று கேட்டால் காட்டுவார்கள். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே, அரையாண்டு விடுமுறையில் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.